உன் விடைத்தாளில் என் ஏழு பக்கங்கள்

அன்பரசி,

இந்தக் கடிதத்தை யாரும் உனக்குப் படித்துக் காட்டக்கூடாது. அதனால்தான் பிரெய்ல் புள்ளி எழுத்தில் எழுதுகிறேன். நீ பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது வைத்திருந்த ஸ்லேட்டும் குத்தூசியும் பரணில் கிடந்தன. பெற்றோருக்கென்று அந்தப் பள்ளியில் அப்போது கொடுத்த எழுத்து அட்டையும் அவற்றோடு இருந்தது. அதைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, இதையும் அப்படித்தான். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வர வேண்டும். முதல் நான்கு தாள்கள் குப்பைக்குப் போயின. நீ பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் உட்காருகிறேன். வீட்டில் நீ இருந்தால் இந்தக் குத்தும் சத்தம் ஒன்றே உனக்குப் போதும், கண்டுபிடித்துவிடுவாய். போனில் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் போனில் ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாசிக்கும். நான் செய்த தப்பை இன்னொரு குரல் உன்னிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கண் தெரிந்தவர்களுக்காகப் பேனாவில் ஒரு பிரதியும் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடு. ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூடத்தில் நின்று உன் பேச்சைச் சொல்லிப் பார்த்தாய். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுதும் விதிகளை மாற்றுவதற்காகச் சென்னையில் ஒரு குழு கருத்துக் கேட்கிறது, வரும் திங்கட்கிழமை நீ அதன் முன்னால் பேசப் போகிறாய். உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, உன்னிடம்தான் சொல்லவில்லை. அந்தப் பேச்சின் நடுவில் இப்படிச் சொன்னாய்: “என் கல்லூரித் தேர்வை என் தந்தை எழுதித் தந்தார். நான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. எல்லா விடையும் சரியாக இருந்தும் என்னைத் தோற்கடித்தார்கள். தாளைத் திருத்தியவர் என் அறிவுக்கு மதிப்பெண் போடவில்லை, என் கண்ணுக்குப் போட்டார்.” பிறகு என் பக்கம் திரும்பி, “எப்படிப்பா இருக்குது? நீயும் வரணும், சாட்சிக்கு. டிக்கெட் ரெண்டா போட்டுட்டேன்” என்றாய். நான், “நல்லா இருக்குது. குரலை மட்டும் கொஞ்சம் ஏத்திப் பேசு” என்றேன்.

அந்தப் பேச்சில் ஒரு வரி பொய், அன்பு. அது உன் பொய் இல்லை, என்னுடையது. நீ சொன்னதை நான் எழுதவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அதன் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாய், அதன் குணம் உனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த பஞ்சு மில் மூடிய பிறகு உப்பளம் பகுதியில் ஓர் அரசு அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுத உட்கார்ந்தேன். மனு எழுதுகிறவனிடம் யாரும் வாசகம் சொல்வதில்லை. கதை சொல்வார்கள், அழுவார்கள், நடுவில் மருமகளைத் திட்டுவார்கள். கடைசியில் “நீங்களே பாத்து எழுதிடுங்க” என்பார்கள். ஒருமுறை ஒரு கிழவி, விதவை உதவித்தொகை நின்றுபோய், என்னிடம் வந்தது. அது சொன்னதெல்லாம் மூன்றே வரி. நான் இரண்டு பக்கம் எழுதி, படித்துக் காட்டினேன். “ஐயா, நான் இவ்ளோவா சொன்னேன்?” என்று கேட்டது. “நீ சொன்னது மூணு வரி. நீ சொல்லவேண்டியது ரெண்டு பக்கம்” என்றேன். அந்தப் பதிலை நான் பல வருடம் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கிழவிக்குப் பணமும் வந்தது, அதனால் என் பழக்கம் சரியென்றே இருந்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் கையிலேயே ஏறிவிட்டது.

நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும், ஏன் நின்றேன் என்று முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளை வகுப்பில் கதவோரம் உட்காரவைப்பார்கள். பானையில் தண்ணீர் நாங்கள் மொண்டு குடிக்கக்கூடாது, யாராவது ஊற்றுவார்கள், கையேந்த வேண்டும். ஒருநாள் நானே மொண்டேன். அடித்தார்கள். மறுநாளும் மொண்டேன். மூன்றாம் நாள் என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனை வயலுக்கு அனுப்பு, அதுதான் அவனுக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும், மில்லில் சங்கத்து அறையில் கிடந்த புத்தகங்களிலும்தான். அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது, விடுவதாகவும் இல்லை. ஆனால் என் கோபத்தைத் தூக்கிக்கொண்டு உன் தேர்வு அறைக்குள் நுழைய எனக்கு உரிமை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது.

அன்றைக்கு உனக்கு எழுத வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. பி.ஏ. கடைசித் தேர்வுகளில் கடைசித் தாள், புதுச்சேரி வரலாறு. காலையில் கல்லூரி வராந்தாவில் நாம் இரண்டு பேரும் நிற்க, தேர்வு மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “அப்பாவா? சொந்தக்காரங்க எழுதக்கூடாதுங்களே” என்றார். “வேற ஆள் இல்ல சார். இந்தப் பரீட்சை போனா இவளுக்கு ஒரு வருசம் போச்சு” என்றேன். “நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். அவர் முகம் தெளிந்தது. “அது நல்லதாப் போச்சு. எழுதறவங்க பரீட்சை எழுதற புள்ளைங்களவிடக் கொறைச்சலா படிச்சிருக்கணும். பாடமும் தெரிஞ்சிருக்கக்கூடாது. உங்களுக்கு வரலாறு ஏதாவது தெரியுமா?” “ஒண்ணும் தெரியாது சார்” என்றேன். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அந்த ஒரு முறைதான். நீ பின்னாலிருந்து என் சட்டையை இழுத்து, “அப்பா, இதோட நிறுத்திக்க” என்றாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுவேன் என்று ஒரு தாளில் உறுதி எழுதி வாங்கிக்கொண்டார். நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஐம்பது வருடமாக எந்தக் குறைக்காக நான் வாசலில் நிறுத்தப்பட்டேனோ, அதே குறைக்காக ஒரு கல்லூரி எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அடுத்து நான் செய்ததற்கு அது நியாயம் இல்லை, காரணம் மட்டும்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சின்ன அறை. கண்காணிப்பாளர் கதவருகில் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் நான்கு கேள்விகளை நீ சொல்லச் சொல்ல ஒழுங்காகவே எழுதினேன். நீ சொல்கிற அழகே தனி. கமா எங்கே, பத்தி எங்கே என்று சேர்த்துச் சொல்வாய். ஐந்தாவது கேள்வியைப் படித்தேன். புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலின் வளர்ச்சியும் வீழ்ச்சியும். நீ உன் பாடக்குறிப்பில் இருந்தபடியே ஆரம்பித்தாய். வீழ்ச்சிக்கு வந்தபோது, “ஒன்று, பழைய இயந்திரங்கள். இரண்டு, வெளிச்சந்தைப் போட்டி. மூன்று, தொழிலாளர்களின் ஒழுங்கின்மை” என்றாய். என் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு நாள்கூடச் சங்கு ஊதிய பிறகு மில்லுக்குள் போனவன் இல்லை நான். பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி, நாற்பது வயதில் நாலு படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது மில்லால் வந்த வியாதி என்று எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை. அதை எழுதினேன். தேய்ந்த உதிரி பாகத்துக்குப் புதிது கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை எழுதினேன். ஆள் குறைக்கும்போது பெண்களை முதலில் அனுப்பியதை எழுதினேன். உன் கேள்விக்குக் கீழே, உன் பதிவு எண் போட்ட தாளில், ஏழு பக்கம் எழுதினேன்.

“எழுதிட்டியாப்பா?” என்று கேட்டாய். “எழுதறேன்” என்றேன். “நான் சொன்னது ஒன்றரைப் பக்கம் வராதே. இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்?” “கை வலிக்குது. இரு.” உடனே நீ மேசை மேல் தடவி என் இடது கையைப் பிடித்தாய். இது இல்லை என்று தெரிந்து, வலது கையைத் தேடிப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து விரல்வரை அழுத்திவிட்டாய். “அவசரப்படாதப்பா, நேரம் இருக்குது” என்றாய். நீ அழுத்திவிட்ட அந்தக் கையால்தான் மீதியையும் எழுதினேன். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் இல்லை. நீ வேகமாகச் சொன்னாய், நான் ‘ம்’, ‘ம்’ என்றேன். தாளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிதான் விழுந்தது. மணி அடித்ததும் “எல்லாம் வந்துடுச்சா?” என்று கேட்டாய். வந்துவிட்டது என்றேன்.

தேர்ச்சிக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது. இதோடு நின்றிருந்தால் நான் ஒரு முட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். நீ விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தாய். நகல் வந்தது, என்னிடமே கொடுத்தாய். என் ஏழு பக்கத்தின் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு குறுக்குக்கோடு. ஓரத்தில் ‘கேள்விக்குத் தொடர்பில்லை’ என்று எழுதியிருந்தது. கடைசி இரண்டு கேள்விகளுக்கு, எழுதியிருந்த மூன்று வரிக்கு என்ன போட முடியுமோ அதைப் போட்டிருந்தார்கள். நீ எதிரில் உட்கார்ந்து, “படிப்பா” என்றாய். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததைப் படித்தேன். நீ சொன்ன விடைகள் எனக்கு மனப்பாடமாக இருந்தன. ஒழுங்கின்மை என்ற சொல்லைக்கூட வாய்விட்டுப் படித்தேன். நீ தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, “எல்லாம் சரியாத்தானப்பா இருக்குது. அப்புறம் ஏன்?” என்றாய். அதற்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “கண்ணு தெரியாத பொண்ணு தாளுன்னு தெரிஞ்சிருக்கும். அதான் ஃபெயில் போட்டுட்டான்.” மறுமதிப்பீட்டுக்கும் போட்டோம், மதிப்பெண் மாறவில்லை, மாறாது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைத் திருத்தியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் நியாயமாகத் திருத்தியிருந்தார். பதினொரு வருடமாக நம் வீட்டில் அவர் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது.

அந்த ஒரு வருடம் உனக்கு பி.எட். சேர முடியவில்லை. உன்னோடு படித்தவர்கள் மேல்படிப்புக்குக் காலாப்பட்டுப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் போய்விட்டார்கள். நீ வீட்டில் இருந்தாய். ரேடியோகூடப் போடவில்லை. அடுத்த வருடம் பக்கத்துத் தெருப் பெண் எழுதித் தர, அதே தாளில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாய். அன்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த வயிற்றுவலி. நீ பி.எட். படித்துக்கொண்டிருந்தாய். நகரத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்து, “பாப்பாவுக்கு எத்தினி நாளா வலி?” என்றார். உனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நான், “ரெண்டு நாளா. வெளியில சாப்ட்டது ஒத்துக்கல” என்றேன். நீ நாற்காலியில் சுருண்டிருந்தபடியே, “டாக்டர், வயிறு என்னுது. எங்கப்பாவுக்கு வலிக்கல. என்னைக் கேளுங்க” என்றாய். அவர் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டு, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து கேட்டார். ஐந்து நாள் வலி. தொப்புளில் ஆரம்பித்து வலது பக்கம் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. அன்றே கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கே குடல்வால் அறுவை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள். கோரிமேட்டில் ஒரு நர்ஸம்மா சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, நீ கேட்ட மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி, உன் விரலைக் கோட்டின் மேல் வைத்து, “இங்க போடும்மா” என்றார். நீ உன் பெயரை நீயே எழுதினாய். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எழுதித் தருவதென்றால் இதுதான் என்று எனக்கு உறைத்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நீ தேறியதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ தேறினாய், நான் சொல்லவில்லை. பிடிவாதக்காரன் எல்லாவற்றிலும் பிடிவாதமாக இருப்பான் என்று நினைக்காதே. தனக்கு வசதியானதில்தான் இருப்பான்.

கண் தெரியாத பிள்ளைகளுக்கு அநியாயம் நடப்பதில்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. பதினொன்றாம் வகுப்புக்கு உன்னைச் சேர்க்கப் போனபோது அந்தத் தலைமையாசிரியர், “இங்க படிக்கட்டு நெறைய. உழுந்து கிழுந்து வச்சா யாரு பொறுப்பு?” என்றாரே, அது நடந்தது. மூன்று நாள் வாசலிலேயே நின்றேன், நான்காம் நாள் சேர்த்தார்கள். பாடப்புத்தகம் உனக்குப் புள்ளி எழுத்தில் கிடைத்தபோது பாதி வருடம் ஓடியிருந்தது, அது நடந்தது. ஆசிரியர் வேலைக்குப் போன புதிதில், கரும்பலகையில் நீ எப்படி எழுதுவாய் என்று உன் காது கேட்கவே பேசினார்கள், அதுவும் நடந்தது. உன்னிடம் உண்மைகள் நிறைய இருக்கின்றன. நடக்காத ஒன்றை அவற்றோடு சேர்த்துக் கொண்டுபோனால், குழுவில் யாராவது அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்து நீட்டினால், மற்ற உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதிகாரிகள் அப்படித்தான். முப்பது வருடம் அவர்களுக்கு மனு எழுதியவன் சொல்கிறேன்.

இந்த வருடம் உன் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்கே இருந்தது உனக்குத் தெரியாது. உன் மாணவி ஜெயா ப்ளஸ் டூ தேர்வைக் கணினியில் தானே எழுதிய நாள். பேசும் கணினிக்கு அனுமதி வாங்க நீ இரண்டு வருடம் அலைந்தாய், எத்தனை அலுவலகப் படி ஏறினாய் என்று உன் செருப்பைக் கேட்டால் சொல்லும். நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நான் கேட்டருகில் நின்றேன். ஜெயா வெளியே வந்து, “மிஸ், ஒரு மார்க் கேள்விங்கள்ல மூணு தப்பு பண்ணிட்டேன்” என்றாள். நீ, “உடு, பரவால்ல” என்றாய். “இல்ல மிஸ், மூணும் நானே பண்ணது” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பதினேழு வயதுப் பெண் தன் தப்பு தன்னுடையதாக இருப்பதற்குச் சந்தோஷப்படுகிறாள். நீ தோற்ற அந்தத் தாளில் உன் தப்பு ஒன்றுகூட இல்லை. சரியும் இல்லை. எல்லாம் நான். ஜெயாவுக்கு உன்னால் கிடைத்ததை உனக்கு நான் கிடைக்கவிடவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல், “அந்த வருசம் புள்ள மூலைல உக்காந்துக்கினு இருந்தா. நீ பக்கத்துலயே உக்காந்து பேப்பரு படிச்சே. எப்படியா முடிஞ்சுது?” என்றாள். “இன்னாத்த அந்த அட்டையில குத்திக்கினே இருக்கேன்னு பாத்தேன். இதானா. இதுலயாவது ஒழுங்கா எழுது, அழகுபடுத்தாத” என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினாள்.

உன் பேச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. குடும்பத்தார் எழுதித் தர அனுமதி வேண்டும் என்று கேட்கிறாய். கேள். ஊர்ப்பக்கம் பல பிள்ளைகளுக்குக் குடும்பத்தை விட்டால் ஆள் இல்லை. ஆனால் எழுதியதை அங்கேயே, மூன்றாவது ஆள் ஒருவர் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தாளைக் கட்ட வேண்டும் என்றும் கேள். அன்பு இருக்கிறவன் மாற்றி எழுத மாட்டான் என்று நினைக்காதே, அவன்தான் கூச்சமில்லாமல் மாற்றுவான். எழுதுகிறவன் படிக்காதவனாக இருக்க வேண்டும் என்ற விதியால் ஒரு பயனும் இல்லை, அதற்கு நானே சாட்சி. தானே எழுதுகிற வழி எல்லாப் பள்ளிக்கும் வர வேண்டும் என்பதை முதலில் சொல், கடைசியில் சொல்லாதே. அப்புறம், உன் பேச்சில் ‘தயவுகூர்ந்து’ என்பது ஆறு இடத்தில் வருகிறது. எடுத்துவிடு. நீ கேட்பது தயவு இல்லை. பார்த்தாயா, மறுபடியும் உன் வாக்கியத்தில் கை வைக்கிறேன். வேண்டுமென்றால் ஆறையும் வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு பக்கத்தில் எழுதியதை நான் திரும்பப் பெற மாட்டேன். எங்களிடம் ஒழுங்கின்மை இல்லை. அந்தப் பாடக்குறிப்பு எழுதியவர் ஒரு நாள்கூட மில் வாசலில் நின்றிருக்க மாட்டார். ஆனால் அதைச் சொல்ல இடம் உன் தாள் இல்லை. ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன். என் பெயரைப் போட்டு, என் கையால், எனக்காக எழுதப் போகிறேன். யாராவது தொடர்பில்லை என்று கோடு போட்டால் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு சீட்டு போட்டிருக்கிறாய். என் சீட்டை ரத்து செய்வதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம். ரத்து செய்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சரி, கோபித்துக்கொள்வேன், ஆனால் நீ சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்திருக்கும். வரச்சொன்னால் வருகிறேன். குழு என்னைக் கேட்டால், ஆமாம், மாற்றி எழுதினேன், நகலைப் படித்தபோதும் பொய் சொன்னேன் என்று எழுந்து நின்று சொல்வேன். கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீ என்ன வைக்கப் போகிறாய் என்று வீட்டில் எனக்குச் சொல்லிக் காட்டாதே. என்னைப் பற்றி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, ஒரு சொல் மாற்றாமல் சொல். கடைசி வரிசையில், மற்றவர்களோடு மற்றவனாக, முதல்முறையாக அங்கேதான் கேட்டுக்கொள்வேன்.

அப்பா